உள்பக்க இன்சுலேஷன் போடறப்போ ரேடியேட்டரை நகத்தறது எப்படி: முழுமையான வழிகாட்டி

வெளிச்செவுத்தோட உள்பக்கம் இன்சுலேஷன் போர்டு (ரூம் சூடு வெளிய போகாம தடுக்கற பலகை) ஒட்டலாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, போர்டு வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு விஷயத்தை முடிவு பண்ணிடுங்க, ரேடியேட்டர் (ரூமை சூடாக்க செவுத்துல மாட்டற இரும்புப் பேனல்) எங்க தொங்கப் போகுது, அதோட பைப் எங்கேர்ந்து வெளிய வரப்போகுது. நிறைய பேர் இதைக் கடைசிக்கு தள்ளிடறாங்க. போர்டு எல்லாம் ஒட்டி முடிச்சு, ரேடியேட்டரை திருப்பி மாட்டப் போறப்பதான் பைப் செவுத்துக்குள்ள போயிருச்சு, பிராக்கெட் பிடிக்க உள்ள ஒண்ணுமே இல்லைன்னு தெரியுது, அப்பறம் ஒட்டின போர்டை வெட்டி எடுக்கணும். அப்படி ஆகாம இருக்கத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். இதுல சொல்றதெல்லாம் சுடுதண்ணி ஓடுற ரேடியேட்டருக்கு, அதாவது பாய்லரோ ஹீட் பம்ப்போ (வெளிய இருக்கற சூட்டை கரண்டால உள்ள இழுக்கற மிஷின்) வச்சு ரெண்டு பைப்புல ஓடுறதுக்கு. நீராவி சிஸ்டம், ஒரே பைப் சிஸ்டம் பத்தி கடைசில தனியா சொல்றேன்.

ரேடியேட்டரை அப்படியே விட்டு சுத்தி மட்டும் போர்டு ஒட்டலாமா?

வேண்டாம். இதை உறுதியா சொல்றேன், ஏன்னா இதுதான் எல்லாருக்கும் தோணுற குறுக்குவழி. வெளிச்செவுத்துலயே ரொம்ப சூடாகுற இடம் ரேடியேட்டருக்கு நேர் பின்னாடி இருக்கற இடம்தான், அதை விட்டுட்டு மத்த இடத்துக்கு எல்லாம் ஸ்வெட்டர் போடறது சரியா வராது.

கணக்கு போட்டு பாருங்க. 225 மிமீ கனத்துல கெட்டியான செங்கல் செவுரு, அதோட யூ வேல்யூ சுமாரா 2.1 (ஒரு சதுர மீட்டர் செவுரு, உள்ளயும் வெளியயும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தா இத்தனை வாட் வெளிய போகும்னு அர்த்தம்). ரேடியேட்டர் 1.2 மீட்டர் நீளம், 60 செமீ உயரம்னா பின்னாடி மறையற இடம் 0.72 சதுர மீட்டர். ரூமுக்கும் வெளிக்கும் 20 டிகிரி வித்தியாசம்னா சாதாரணமா அந்த இடத்துல 30 வாட் போகும், ஆனா ரேடியேட்டர் பின்னாடி செவுரு சூடேறி வித்தியாசம் 35 டிகிரி ஆச்சுன்னா 53 வாட் போகும். இன்னொண்ணு, ரேடியேட்டர் ஆஃப்ல இருக்கற நேரத்துல, சுத்தி எல்லாம் மூடி அந்த ஒரு சதுரம் மட்டும் திறந்து கெடக்கறதால அதுதான் ரூம்லயே ரொம்ப ஜில்லுன்னு இருக்கற இடம், ரூம் காத்துல இருக்கற ஈரம் எல்லாம் அங்க போய் படியும், கொஞ்ச நாள்ல பூஞ்சை புடிக்கும், அதுவும் ரேடியேட்டர் பின்னாடி கண்ணுக்கே தெரியாத இடத்துல.

அதனால ரேடியேட்டரை கழட்டி, பின்னாடியும் போர்டு போட்டுதான் திருப்பி மாட்டணும்.

அதே இடமா, வேற செவுரா?

ரெண்டு வழி இருக்கு. அதே இடத்துல போர்டு கனம் அளவுக்கு முன்னாடி இழுத்து மாட்டறது ஒண்ணு, ரூமோட உள்தடுப்புச் செவுத்துக்கு மாத்தறது இன்னொண்ணு.

ரேடியேட்டரை ஜன்னலுக்கு கீழ வைக்கற பழக்கம் வந்ததுக்கு காரணம், ஒத்தைக் கண்ணாடி ஜன்னல்லேர்ந்து குளிர்ந்த காத்து கீழ வழிஞ்சு கால் பக்கம் வரும், அதை ரேடியேட்டர்லேர்ந்து மேல எழும்புற சூடான காத்து தடுக்கும். இப்ப உங்க ஜன்னல் நல்ல ரெட்டைக் கண்ணாடி, செவுத்துக்கும் இன்சுலேஷன் வரப்போகுதுன்னா அந்த அவசியம் ரொம்ப குறைஞ்சிடுது. அப்ப உள்செவுத்துக்கு மாத்தறது நல்ல யோசனைதான்: வெளிச்செவுத்துல எங்கயும் பிராக்கெட் வேண்டாம், இன்சுலேஷன்ல ஓட்டை போட வேண்டாம், ஜன்னல் திரை ரேடியேட்டர் மேல விழாது. ஆனா பைப்பை தரைக்கு கீழ புதுசா இழுக்கணும், சோஃபா கட்டில் எல்லாம் எங்க போகும்னு பாக்கணும், கதவு திறந்தா இடிக்குமான்னு பாக்கணும். ஜன்னல் இன்னும் ஒத்தைக் கண்ணாடிதான், இப்போதைக்கு மாத்தப் போறதில்லைன்னா கீழயே விட்டுடுங்க.

என் கருத்து, மரத்தரையா இருந்து பலகையை தூக்க முடியும்னா உள்செவுத்தை முதல்ல யோசிங்க. கான்கிரீட் தரைன்னா பெரும்பாலும் அதே இடத்துல முன்னாடி இழுக்கறதுதான் நடக்கற காரியம்.

எவ்ளோ பெருசு வேணும்

இன்சுலேஷனுக்கு அப்பறம் ரூமுக்கு தேவைப்படற சூடு குறையும். அதே செங்கல் செவுத்துல 60 மிமீ பிஐஆர் போர்டு (கெட்டியான நுரை இன்சுலேஷன்) போட்டா யூ வேல்யூ 2.1 லேர்ந்து சுமார் 0.3க்கு இறங்கும். 10 சதுர மீட்டர் செவுரு, 20 டிகிரி வித்தியாசம்னா முன்னாடி 420 வாட் போனது இப்ப 60 வாட்தான். 360 வாட் மிச்சம். மொத்தமா 1500 வாட் தேவைப்பட்ட ரூமுக்கு இனி 1140 வாட் போதும்.

இதைப் பாத்துட்டு சின்ன ரேடியேட்டர் வாங்கிடலாம்னு தோணும். நான் வாங்காதீங்கன்னுதான் சொல்வேன். பழைய சைஸ் ரேடியேட்டரையே வச்சுட்டு தண்ணி சூட்டைக் குறைங்க. மேல சொன்ன ரூம்ல ரேடியேட்டரோட சராசரி சூடு 70 டிகிரி தேவைப்பட்டுதுன்னா இனிமே 60 டிகிரிலயே அந்த 1140 வாட் கிடைச்சிடும். கண்டன்சிங் பாய்லர்னா திரும்பி வர்ற தண்ணி சுமாரா 55 டிகிரிக்கு கீழ இருந்தாதான் புகையில இருக்கற சூட்டை நல்லா புடிக்க முடியும், ஹீட் பம்ப்புக்கோ தண்ணி சூடு குறைய குறைய கரண்டு மிச்சம். அதே நீளத்துல அதே ரேடியேட்டரை மாட்டினா ரெண்டு பைப்புக்கும் நடுவுல இருக்கற தூரமும் மாறாது, பைப் வேலை பாதியா குறையும். இடம் பத்தலைன்னா மட்டும், இல்ல பழசு துருப்பிடிச்சு ஒழுகுதுன்னா மட்டும் புதுசு வாங்குங்க.

அளவு எடுக்கறது

இங்க அவசரப்படாதீங்க. போர்டு கனத்தை மட்டும் எடுக்காம மொத்த கனத்தையும் கூட்டுங்க: ஒட்டுற பசை இல்ல கட்டை ஃபிரேம், அதுக்கு மேல இன்சுலேஷன், அதுக்கு மேல பிளாஸ்டர்போர்டு, மேல பூச்சு. உதாரணமா பசை 10, இன்சுலேஷன் 60, பிளாஸ்டர்போர்டு 12.5, பூச்சு 3 மிமீ, மொத்தம் 85 மிமீக்கு மேல வந்துடுது. இப்ப தரையிலேர்ந்து மேல வர்ற பைப்போட நடுப்புள்ளி பழைய செவுத்துலேர்ந்து எவ்ளோ தூரம்னு அளந்து பாருங்க. 50 மிமீ தான் இருக்குன்னா அந்த பைப் இனிமே புது செவுத்துக்குள்ள இருக்கும். புது செவுத்துலேர்ந்தும் அதே 50 மிமீ வேணும்னா பைப்பை 85 மிமீ முன்னாடி கொண்டு வரணும்.

அதோட ஜன்னல் திண்டையும் பாருங்க. செவுரு தடிமனாச்சுன்னா திண்டும் அவ்ளோ நீளம் ஆகணும், அது ரேடியேட்டர் மேல ரொம்ப நீட்டிக்கிட்டு இருந்தா சூடான காத்து மேல போறதை மறிக்கும். ரேடியேட்டருக்கும் திண்டுக்கும் நடுவுல குறைஞ்சது 50 மிமீ, கீழ தரைக்கு 100 லேர்ந்து 150 மிமீ, பின்னாடி செவுத்துக்கு 30 மிமீயாவது இடைவெளி இருக்கட்டும். டைப் 22ன்னு சொல்ற ரெண்டு பேனல் ரேடியேட்டர் 100 மிமீ கனம் இருக்கும், அதோட பின்னாடி இடைவெளியையும் சேத்து, மாஸ்கிங் டேப்பால தரையில ஒரு கோடு போட்டு ரூம்ல நடந்து பாருங்க. எங்க வீட்டுல கதவுக்கு பக்கத்துல இருந்த ரேடியேட்டர் இப்படி டேப் ஒட்டி பாத்தப்பதான் கதவு முழுசா திறக்காதுன்னு தெரிஞ்சுது, அதை பேப்பர்லயே வேற செவுத்துக்கு மாத்திட்டோம்.

பைப் சூடான பக்கத்துல இருக்கணும்

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கறதா இருந்தா இதை வச்சுக்கங்க. சுடுதண்ணி பைப் இன்சுலேஷனுக்கும் பழைய குளிர் செவுத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கக்கூடாது. முன்னாடி ரூம் சூடு அந்த பைப்பை காப்பாத்திட்டு இருந்துச்சு, இன்சுலேஷன் போட்டதும் பின்னாடி இருக்கற செவுரு வெளி குளிருக்கு கிட்டத்தட்ட சமமா போயிடும். ஹீட்டிங் ஆஃப் பண்ணிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போனா, கடுங்குளிர்ல உள்ள தண்ணி உறைஞ்சு பைப் வெடிக்கலாம். அப்படி உறையலைன்னாலும் அந்த பைப் சூட்டுல பெரும்பகுதி வெளிச்செவுத்துக்குத்தான் போகும்.

மரத்தரைன்னா வழி சுலபம். ரெண்டு பலகையை தூக்கி, கீழ ஓடற பைப்புல எல்போ (பைப்பை திருப்புற வளைவுத் துண்டு) வச்சு புது இடத்துல மேல கொண்டு வரணும். தாங்குற உத்தரத்தை கண்டபடி வெட்டாதீங்க, பைப் அதோட வரிசையிலயே ஓடுற மாதிரி பாத்துக்கங்க, குறுக்க போயே ஆகணும்னா எங்க எவ்ளோ ஓட்டை போடலாம்னு உங்க ஊர் கட்டட விதியைப் பாத்துட்டு பண்ணுங்க. தரைக்கு கீழ காத்தோட்டம் இருக்கற காலி இடம்னா அங்க போற பைப்புக்கும் உறை போட்டுடுங்க.

கான்கிரீட் தரைன்னா பைப் வர்ற இடத்தை சுத்தி கொஞ்சம் உடைச்சு, உள்ளயே எல்போ வச்சு முன்னாடி கொண்டு வர்றதுதான் சுத்தமான வேலை. அங்க ஈயம் வச்சு பத்தின ஜாயின்ட்டோ, மிஷினால நசுக்கிப் பிடிக்கற பிரஸ் ஜாயின்ட்டோதான் போடணும், நட்டு முடுக்குற ஃபிட்டிங்கை கான்கிரீட்டுக்குள்ள புதைக்காதீங்க, ஒழுகினா கண்டுபிடிக்கவே முடியாது. செம்பு பைப் நேரா சிமெண்டைத் தொடாம டேப் சுத்திடுங்க, அரிக்கும். உடைக்கவே முடியாதுன்னா தரைக்கு மேல, அடிப்பலகை உயரத்துல ரெண்டு எல்போ வச்சு பைப்பை முன்னாடி திருப்பி விடலாம். அந்த மூலையில மட்டும் பைப்புக்கு பின்னாடி கொஞ்சம் மெல்லிசு இன்சுலேஷனாவது இருக்கற மாதிரி போர்டை குடைஞ்சு வைங்க.

செவுத்துக்குள்ள காடி வெட்டி பதிச்சு வந்த பைப்புன்னா அதை கைவிட்டுட்டு புதுசா இழுங்க.

கழட்டறது

குளிர்காலம் இல்லாத மாசமா பாத்து இந்த வேலையை வச்சுக்கங்க. செவுத்துல முதல்ல ஈரம் இருக்கான்னு பாருங்க. மழைத்தண்ணி குழாய் ஒழுகல், வெளிப்பூச்சு விரிசல் இதெல்லாம் இருந்தா அதை சரி பண்ணி செவுரு காஞ்ச பிறகுதான் இன்சுலேஷன். ஈரத்தை மூடி வச்சா உள்ள அழுகும்.

ஹீட்டிங்கை ஆஃப் பண்ணி முழுசா ஆற விடுங்க. ரேடியேட்டர் ரெண்டு முனையிலயும் வால்வு இருக்கும், ஒரு பக்கம் நம்பர் போட்ட தெர்மோஸ்டாட் தலை, இன்னொரு பக்கம் தண்ணி எவ்ளோ ஓடணும்னு செட் பண்ற, மூடி போட்ட லாக்‌ஷீல்ட் வால்வு. லாக்‌ஷீல்டை மூடறப்போ எத்தனை சுத்து சுத்தினா மூடுதுன்னு எண்ணி ஒரு டேப்புல எழுதி ஒட்டி வைங்க, திருப்பி மாட்டறப்போ அதே சுத்து திறக்கணும். தெர்மோஸ்டாட் தலையை ஜீரோவுல வச்சுட்டு நம்பி விட்டுடாதீங்க. ரூம் ரொம்ப ஜில்லுன்னு ஆனா பைப் உறையாம இருக்க அது தானா திறந்துக்கும், ரேடியேட்டர் இல்லாத வால்வு அப்படி திறந்தா ரூம் முழுக்க தண்ணிதான். தலையை கழட்டிட்டு அதுக்குன்னே இருக்கற கைமூடியை திருகி மூடுங்க, அப்பறம் வால்வு வாயில பித்தளை மூடியும் போட்டுடுங்க.

தரையில பிளாஸ்டிக் ஷீட், அதுக்கு மேல பழைய துண்டு, அதுக்கு மேல தட்டையான டிரே. ரேடியேட்டருக்குள்ள வர்ற தண்ணி மை மாதிரி கருப்பா இருக்கும், அது இரும்புத்துரு, கார்பெட்ல பட்டா போகவே போகாது. ஒரு ஸ்பானரால வால்வு உடம்பை புடிச்சுக்கிட்டு இன்னொண்ணால நட்டை லூஸ் பண்ணுங்க, பிடிக்காம திருகினா பைப்பே முறுக்கிக்கும். மேல இருக்கற காத்து ஸ்குரூவை மெதுவா திறந்தா தண்ணி கீழ இறங்கும். ஒழுங்கா வடிஞ்சதும் ரெண்டு பேரா தூக்குங்க. இரும்பு ரேடியேட்டர் எதிர்பாத்ததை விட கனம், ஓட்டை ரெண்டையும் மேல் பக்கம் திருப்பி, அடைச்சுட்டுதான் நடக்கணும். வெளிய கொண்டு போய் ஹோஸ் வச்சு உள்ள நல்லா கழுவிடுங்க, இந்த வாய்ப்பு அடிக்கடி வராது.

பைப்பை வெட்டி மாத்தணும்னா மொத்த சிஸ்டத்தையும் வடிக்கணும். பாய்லரோட கரண்டை நிறுத்தி, தண்ணி வர்ற வழியை மூடி (மேல டேங்க் இருக்கற பழைய சிஸ்டம்னா மிதவை வால்வை கட்டி வைங்க), கீழ்மட்டத்துல இருக்கற வடிகால் வால்வுல ஹோஸ் போட்டு வெளிய விடுங்க, மாடியில இருக்கற காத்து ஸ்குரூவை திறந்தா வேகமா இறங்கும். பாய்லர் உள்ள, கேஸ் லைன்ல நீங்க கை வைக்காதீங்க. பைப் வேலை பழக்கம் இல்லைன்னா இந்த பகுதியை மட்டும் ப்ளம்பர்கிட்ட குடுங்க, போர்டு வேலைக்கு முன்னாடி ஒருதடவை, பின்னாடி ஒருதடவை வரணும்னு முதல்லயே பேசிடுங்க.

பிராக்கெட்டுக்கு பிடிமானம்

தண்ணியோட சேத்து ஒரு ரெண்டு பேனல் ரேடியேட்டர் 40 கிலோவை சாதாரணமா தாண்டும், அதுவும் செவுத்துலேர்ந்து தள்ளி தொங்கறதால பிராக்கெட்டை வெளிய இழுக்கும். பிளாஸ்டர்போர்டும் நுரை போர்டும் இதை தாங்காது, போர்டுக்குன்னு விக்கற பிளாஸ்டிக் பிளக்கை நம்பி மாட்டாதீங்க.

நான் விரும்பற வழி: பிராக்கெட் வர்ற இடத்துல மட்டும், இன்சுலேஷன் கனத்துக்கே மருந்து ஏத்தின மரக்கட்டை வச்சு, செங்கல்லுக்குள்ள நீள ஸ்குரூவால நல்லா பிடிக்கறது. கட்டைக்கும் பழைய செவுத்துக்கும் நடுவுல ஈரம் ஏறாத பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு வைங்க. மரம் பிஐஆரை விட ஆறு மடங்கு சூட்டை கடத்தும், அதனால கட்டையை குறைச்சலா வைங்க, செவுரு முழுக்க பரப்பாதீங்க. கட்டைக்கும் போர்டுக்கும் நடுவுல இருக்கற சந்தை நுரையால அடைச்சிடுங்க. கொஞ்சம் பெரிய இடமா வேணும், பின்னாடி வேற ரேடியேட்டர் மாத்தலாம்னா, அந்த இடத்துல மட்டும் இன்சுலேஷன் கனத்துல 18 மிமீ குறைச்சு, அதுக்கு மேல 18 மிமீ ப்ளைவுட் வச்சு செங்கல் வரைக்கும் நீள ஸ்குரூ அடிக்கலாம், சூட்டு இழப்பு கம்மி. ஸ்குரூ ஸ்டெயின்லெஸ்ஸா இருந்தா சாதாரண இரும்பை விட கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான் சூட்டைக் கடத்தும்.

கனமான ரேடியேட்டர்னா, குறிப்பா பழைய வார்ப்பிரும்புன்னா, கால் வச்சு தரையில நிக்க வைங்க. கனம் தரைக்கு போயிடும், செவுத்துல சாயாம பிடிக்க ஒரு சின்ன கொக்கி மட்டும் போதும்.

கட்டை வச்சதும் போர்டு மூடறதுக்கு முன்னாடி, அளவு டேப்பை செவுத்துல ஒட்டி வச்சு ஃபோட்டோ எடுத்துக்கங்க, தரையிலேர்ந்து எவ்ளோ உயரம், மூலையிலேர்ந்து எவ்ளோ தூரம்னு தெரியற மாதிரி. ஒரு ரூம்ல நாங்க இதை மறந்துட்டு, பூச்சு முடிஞ்ச செவுத்துல கட்டையைத் தேடி ஓட்டை ஓட்டையா போட வேண்டியதா போச்சு, அந்த ஓட்டை ஒவ்வொண்ணும் ஈரக்காத்து போற வழி.

போர்டும் சந்தும்

போர்டு ஒட்டறதைப் பத்தி தனியாவே எழுதலாம், இங்க ரேடியேட்டருக்கு சம்பந்தப்பட்டது மட்டும். ரூம் காத்து எந்த ஓட்டை வழியாவும் பின்னாடி குளிர் செவுத்துக்கு போகக்கூடாது. போனா அங்க தண்ணியா மாறும். பைப் போர்டைத் தாண்டி வர்ற இடம், பிராக்கெட் ஸ்குரூ, தரையும் போர்டும் சேர்ற இடம், இந்த மூணும்தான் பெரும்பாலும் விட்டுப்போறது. பைப் ஓட்டையை பைப்பை விட லேசா பெருசா போட்டு, சூட்டுல பைப் நீண்டு சுருங்கற இடம் விட்டு, வளையற சீலன்ட் இல்ல ரப்பர் வளையம் வச்சு மூடுங்க. சிமெண்ட் வச்சு இறுக்கினா பைப் சூடேறறப்பல்லாம் டிக் டிக்னு சத்தம் போடும். மரநார் போர்டும் சுண்ணாம்பு பூச்சும் போடறீங்கன்னா சந்து அடைக்கற முறை வேற, அந்த போர்டு கம்பெனி சொல்றபடி போங்க, மேல பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சு அதோட மூச்சை அடைச்சிடாதீங்க.

ரேடியேட்டர் பின்னாடி வர்ற இடத்துக்கு பெயிண்ட் இப்பவே ரெண்டு கோட்டு அடிச்சிடுங்க.

திருப்பி மாட்டறது

வால்வு முனையோட பழைய டேப்பை சுரண்டி எடுத்துட்டு, புது டெஃப்லான் டேப்பை முனை உங்களைப் பாக்கற மாதிரி வச்சு கடிகார முள் திசையில 12 சுத்தாவது சுத்துங்க, மாத்தி சுத்தினா திருகறப்போ அவுந்துடும். பிளாஸ்டிக் பைப் போட்டா முனைக்குள்ள உலோகக் குழல் வைக்க மறக்காதீங்க. பிராக்கெட்டை மட்டம் பாத்து மாட்டுங்க, காத்து ஸ்குரூ இருக்கற பக்கம் ஒரு நூல் உசந்தா பரவாயில்லை, தாழக்கூடாது.

தண்ணி மெதுவா ஏத்துங்க. மூடின சிஸ்டம்னா (மேல டேங்க் இல்லாதது) ஆறின நிலையில பிரஷர் 1 லேர்ந்து 1.5 பார் வரைக்கும். துருத்தடுப்பு மருந்தை லேபிள்ல சொன்ன அளவுக்கு ஊத்துங்க, வடிச்ச தண்ணியோட பழைய மருந்தும் போயிருச்சுல்ல. பம்ப் ஆஃப்ல இருக்கறப்போ கீழ்மாடியிலேர்ந்து மேல வரைக்கும் காத்தை வெளிய விட்டுட்டு திருப்பி பிரஷர் பாருங்க. ஒவ்வொரு ஜாயின்ட்டுலயும் டிஷ்யூ பேப்பர் வச்சு தொட்டுப் பாத்தா சின்ன கசிவும் தெரிஞ்சிடும். ஆறினப்போ ஒருதடவை, முழு சூட்டுல ஒருதடவை, மறுநாள் ஒருதடவை பாருங்க. தரையை அது வரைக்கும் மூடாதீங்க.

புது பூச்சு ஈரமா இருக்கறப்போ ஹீட்டிங்கை முழு வேகத்துல வைக்காதீங்க, விரிசல் விடும். ஜன்னலை கொஞ்சம் திறந்து வச்சு மிதமான சூட்டுல காய விடுங்க.

ஒரே பைப், நீராவி, அடுக்குமாடி

ஒரே பைப் சிஸ்டத்துல ரேடியேட்டரை கழட்டினாலும் மெயின் பைப்புல தண்ணி தொடர்ந்து ஓட வழி இருக்கணும், அதை வெட்டி மூடினா பின்னாடி இருக்கறவங்க எல்லாருக்கும் சூடு நின்னுடும். ஒரே பைப் நீராவி ரேடியேட்டர் வால்வு பக்கமா லேசா சரிஞ்சு நிக்கணும், மட்டமா வச்சா தண்ணி தேங்கி உள்ள சுத்தியால அடிக்கற சத்தம் வரும். பொது ஹீட்டிங் இருக்கற அடுக்குமாடின்னா கட்டட நிர்வாகத்துக்கிட்ட கேக்காம எதையும் கழட்டாதீங்க, மேல் வீடு கீழ் வீடு எல்லாம் ஒரே பைப்புல இருக்கும். பழைய வீட்டுல ரேடியேட்டருக்கு பின்னாடி இருக்கற தகடு, தரை டைல்ஸ்ல அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு இருக்கு, சந்தேகம்னா உடைக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க.

சூட்டை சரிபாக்கறது

லாக்‌ஷீல்டை எழுதி வச்ச சுத்துக்கு திறங்க. ஆனா இந்த ரூமுக்கு இப்ப கம்மி சூடு போதும்ங்கறதால மத்த ரூமோட ஒப்பிட்டா இது சீக்கிரம் சூடாகும். அப்ப கால் சுத்து கால் சுத்தா மூடி, ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் விட்டு, பைப்புல ஒட்டற தெர்மாமீட்டரால போற பைப், வர்ற பைப் ரெண்டுக்கும் வித்தியாசம் பாருங்க. பாய்லர்னா 10 லேர்ந்து 20 டிகிரிக்குள்ள, ஹீட் பம்ப்புன்னா 5 டிகிரி கிட்ட. தெர்மோஸ்டாட் தலை படுக்கையா, திரைக்கு வெளிய இருக்கணும், திரைக்குள்ள மாட்டிக்கிட்டா அங்க இருக்கற சூட்டைப் பாத்து ரூம் சூடாயிருச்சுன்னு நினைச்சு மூடிக்கும்.

எல்லா ரூமும் சமமா வந்ததும் பாய்லர்ல தண்ணி சூட்டை 5 டிகிரி குறைச்சு ரெண்டு நாள் விடுங்க. ராத்திரி நல்ல குளிர்லயும் ரூம் வேணுங்கற சூட்டுல நிக்குதுன்னா இன்னொரு 5 குறைங்க, ஏதாவது ரூம் பின்தங்குதுன்னா அந்த இடத்துலேர்ந்து ஒரு படி மேல வந்து அப்படியே விட்டுடுங்க.